கையில் இருந்தது: பறம்புமலையிலிருந்து கபிலர் குன்று வரை

முதல் நாள் – மேலூர், சிங்கம்புணரி

விடியக்காலை ஐந்தரைக்கு மேலூரில் இறங்கினேன். சென்னையிலிருந்து இந்த ஊருக்கு எப்போது வந்தாலும் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் காக்கிச்சட்டையோடு அவன் உட்கார்ந்திருப்பான், டூட்டி இல்லாத நாளென்றால் கைலியோடு. இன்றைக்கு அந்த பெஞ்சில் நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. இருந்திருந்தால் எழுத விட்டிருக்கவும் மாட்டான். அரசு பஸ்ஸில் கண்டக்டர், 1998-ல் சேர்ந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குச் சிநேகிதன். பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டான். "ரிட்டையர் ஆனதும் பறம்புமலையில ஆரம்பிச்சு கபிலர் குன்று வரைக்கும் போயிட்டு வருவோம் மாப்ள" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பாரி செத்த பிறகு கபிலர் அவருடைய பெண்களைக் கூட்டிக்கொண்டு போன வழி. அவர்கள் எந்தெந்த ஊர் வழியாகப் போனார்கள் என்று யாருக்குத் தெரியும், தொடக்கமும் முடிவும் தெரியும், அது போதும் என்பான். நான்கு நாள் லீவு போட்டுத் தனியாக வந்திருக்கிறேன். ஒவ்வொரு ராத்திரியும் அன்றன்றைக்கு நடந்ததை இங்கே எழுதிப் போடுகிறேன்.

முதலில் அவன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி (அவன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) காபி கொடுத்தார், இட்லி வைத்தார், அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து, "அண்ணே, இதையெல்லாம் பழைய பேப்பர்காரன்கிட்டப் போட மனசு வரலை, நீங்க பாருங்க" என்றார். உள்ளே பாக்கெட் டைரிகள், இருபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ரூட், அன்றைய கலெக்‌ஷன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'கை' என்று போட்டு ஒரு தொகை. கை 4. கை 11. கை 7. சில நாள் ஒன்றுமில்லை, ஒரு நாள் கை 38.

இந்தக் 'கை' என்னவென்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறிய பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு முழிக்கிற ஆத்தாக்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பர்ஸைத் தொலைத்த பையன்கள் எல்லாருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவான். கிழித்த டிக்கெட்டுக்குக் காசு கணக்கில் வந்தாக வேண்டும், வராவிட்டால் கண்டக்டர்தான் கட்ட வேண்டும். அப்படித் தன் கையிலிருந்து போட்டதுதான் 'கை'. டிக்கெட் இல்லாமலே ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டியதுதானே என்று ஒரு தடவை கேட்டேன். "செக்கிங் ஏறினா அந்தம்மாவை நடு பஸ்ஸுல நிக்க வச்சுக் கேப்பாங்கடா, அசிங்கம் அவங்களுக்குத்தானே" என்றான். நான் கூட இருந்து பார்த்த ஒரு நாளில், காசு தேடி நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவியின் கையில் டிக்கெட்டைத் திணித்து, "குடுத்துட்டீங்க ஆத்தா, மறந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டான். அந்த அம்மா தான் கொடுத்ததாகவே நம்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

சிங்கம்புணரி பஸ்ஸில் கண்டக்டர் சின்ன வயசு. அவனைத் தெரியுமா என்று கேட்டேன். "அண்ணன்தான் சார் எனக்கு லைன் பழக்கினது" என்று சொல்லிவிட்டு எனக்கு டிக்கெட் போடாமல் நகர்ந்தார். கூப்பிட்டு வாங்கிக்கொண்டேன். தன் வீட்டுக்காரம்மாவுக்கே டிக்கெட் போட்டவன் அவன்.

சிங்கம்புணரியில் எங்கே பார்த்தாலும் தேங்காய்நாரும் கயிறும். லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறேன். நாளைக்கு விடியும்போதே மலை.

இரண்டாம் நாள் – பிரான்மலை

நேற்று ஒன்று விட்டுப்போனது. டைரிகளில் 2021 மே மாதத்துக்குப் பிறகு 'கை' திடீரென்று குறைந்துவிடுகிறது. பக்கம் பக்கமாக வெறுமே கலெக்‌ஷன் மட்டும். அவனுக்கு என்ன ஆயிற்று என்று ராத்திரி ரொம்ப நேரம் குழம்பினேன், அப்புறம்தான் உறைத்தது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்க வேண்டாம் என்று அந்த மாதம்தான் வந்தது, அப்போது அவன் டவுன் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தான். அந்த வாரம் போன் செய்து, "மாப்ள, இனிமே யாரும் முடிச்சை அவுக்க வேண்டாம்டா" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. தன் பணம் மிச்சம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

சரி, மலை. சங்கப் பாட்டில் வரும் பறம்புதான் இன்றைய பிரான்மலை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். தேவாரத்தில் இதன் பெயர் திருக்கொடுங்குன்றம், சம்பந்தர் பாடியிருக்கிறார். அடிவாரத்துக் கோயிலில் கொடுங்குன்றநாதரும் குயிலமுதநாயகியும். உச்சியில் ஒரு தர்கா இருக்கிறது. கீழே சிவனைக் கும்பிட்டுவிட்டு மேலே போய் பாத்தியா ஓதச் சொல்லிவிட்டு வருகிற குடும்பங்கள் இன்றைக்கும் இரண்டைப் பார்த்தேன். உயரம் 2500 அடி என்கிறார்கள், எனக்கு ஏறி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. படி கொஞ்ச தூரம்தான், பிறகு பாறையும் முள்ளும் குரங்கும். பாறைக் குழிகளில் சுனைகள். இந்த மலை வானம் மாதிரி, இதன் சுனைகள் வானத்து மீன் மாதிரி என்று கபிலர் புறநானூற்றில் சொல்கிறார். ஆனி மாசத்து வெயிலில் பாதிச் சுனை வற்றிக் கிடந்தது. மீதியில் வெளிச்சம் பட்டபோது அது புகழ்ச்சிக்குச் சொன்ன உவமையாகத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துச் சொன்னதாகத்தான் தெரிந்தது.

அந்தப் பாட்டு முற்றுகை போட்டு நின்ற மூவேந்தர்களுக்குச் சொன்னது. உங்களால் இந்த மலையைப் பிடிக்க முடியாது, இங்கே உழவர் உழாமலே நாலு விளைகிறது, மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக் கிழங்கு, தேன். யானையும் தேரும் கொண்டுவந்து நின்றாலும் தரமாட்டான், யாழோடும் விறலியரோடும் ஆடிப் பாடி வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்கிறார். இன்னொரு பாட்டில், பறம்பு நாட்டில் முந்நூறு ஊர், முந்நூறையும் கேட்டு வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், இனி பாரியும் நானும் இருக்கிறோம், மலையும் இருக்கிறது, பாடிக்கொண்டு வந்தால் உண்டு என்கிறார். எதிரியிடம் போய், என் நண்பனை ஏமாற்ற வேண்டுமென்றால் கேட்டால் போதும் என்று சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. அவ்வளவு பெருமை. அவ்வளவு பயமும் இருந்திருக்கும் என்று இன்றைக்குத் தோன்றியது.

1985 பொங்கல் லீவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிளில் இங்கே வந்தோம். ஒன்பதாம் வகுப்பு. தமிழய்யா அப்போதுதான் முல்லைக்குத் தேர் கொடுத்ததை நடத்தியிருந்தார். கொடிக்கு ஒரு குச்சி நட்டால் போதாதா, தேரை விட்டுவிட்டா நடந்து போவார்கள் என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. அய்யாவும் சிரித்துக்கொண்டே, யாராவது பதில் சொல்லுங்களேன் என்றார். இவன் எழுந்து, "அந்த நேரத்துல அவர் கையில இருந்தது தேர்தானே அய்யா" என்றான். அய்யா பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்போது மலை இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்துவிட்டது. உச்சி வெயில், பாறை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. வெறுங்காலில் நடந்து உனக்குப் பழக்கமில்லை, எனக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொல்லித் தன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் இறங்கிப் போனான். நானும் போட்டுக்கொண்டேன், பதினாலு வயசில் யோசிக்கத் தெரியவில்லை. சைக்கிளில் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள்தான் அவன் உள்ளங்காலைப் பார்த்தேன். கொப்புளங்கள் உடைந்து தோல் மடிந்து, குதிகாலோரம் வேப்பெண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது.

எந்த இடத்தில் செருப்பு அறுந்தது என்று இன்றைக்கு இறங்கும்போது தேடிக்கொண்டே வந்தேன். எல்லாப் பாறையும் அதே மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை.

மூன்றாம் நாள் – திருச்சி வழியாகத் திருக்கோவிலூர்

பெரும்பாலும் பஸ்ஸிலேயே கழிந்த நாள். சிங்கம்புணரியிலிருந்து கொட்டாம்பட்டி, அங்கிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து விழுப்புரம், விழுப்புரத்தில் மாறி ராத்திரி ஏழரைக்குத் திருக்கோவிலூர்.

கொட்டாம்பட்டி போகிற வரைக்கும் மலை ஜன்னலில் கூடவே வந்தது. பாரியின் பெண்களைக் கூட்டிக்கொண்டு பறம்பை விட்டுப் போகும்போது கபிலர் திரும்பிப் பார்த்துச் சொன்ன பாட்டு ஒன்று உண்டு. இங்கே நிற்கிறவர்களுக்கும் தெரிகிறது, இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றால் அவர்களுக்கும் தெரியும், நெடியோன் குன்று. நெடியோன் என்பது பாரியை. பாட்டில் மிச்சமெல்லாம் அந்த வீட்டு முற்றம்தான். கள் பிழிந்து போட்ட சக்கை, யானை மென்று துப்பிய கவளம் மாதிரி சிதறிக் கிடக்க, அதிலிருந்து கள் ஒழுகிச் சேறாகிக் கிடக்கும் வாசல். ஒருவனை இழந்தவன் வாசல் சேற்றைத்தான் நினைத்துக்கொள்கிறான், எனக்கு டீக்கடை பெஞ்சு மாதிரி.

எல்லாரும் பாரி மகளிர் பாடிய அற்றைத் திங்களைத்தான் சொல்வார்கள், அது பெரிய பாட்டுதான். அவனுக்குப் பிடித்தது வேறு. அப்பாவின் மலையில் நின்று, படையெடுத்து வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணிய பெண்கள், இப்போது ஏதோ ஒரு குடிசைக்குப் பக்கத்தில் ஈச்ச இலை விழுந்து கிடக்கும் குப்பைமேட்டில் ஏறி நின்று, தெருவில் போகும் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று கபிலர் பார்த்து உருகுகிற பாட்டு. அவன் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுத் திண்ணையில் நின்று ரோட்டில் போகிற பஸ்ஸை எண்ணும். ஒவ்வொரு பஸ்ஸாக எண்ணி, அப்பா பஸ் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பாட்டைச் சொல்வான். ஏன்டா அந்தச் சோகத்தை இங்கே கொண்டுவருகிறாய் என்று திட்டியிருக்கிறேன். பிள்ளைக்கு இப்போது பதினெட்டு வயசு, பிளஸ் டூ முடித்துவிட்டது.

விழுப்புரத்தில் பஸ் மாறும்போது அறுபது வயசு இருக்கும் ஒருவர், போளூர் போகணும் தம்பி, நாப்பது ரூபாய் குறையுது என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் இப்படிக் கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. இன்றைக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் கொடுக்க வரவில்லை, அவனுக்கு எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நான்காம் நாள் – திருக்கோவிலூர், கபிலர் குன்று

காலையில் முதலில் உலகளந்த பெருமாள் கோயில். முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்துக்கொண்ட ஊர் இது. மழை ராத்திரி, ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையார் படுத்திருக்கிறார். பூதத்தார் வந்து கதவைத் தட்ட, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்து இடம் விடுகிறார். பேயார் வந்ததும் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றுகொள்கிறார்கள். நாலாவதாக ஒருவர் நெருக்க, அது பெருமாள் என்று கதை போகிறது.

எனக்கு இது திருவல்லிக்கேணி மேன்ஷன் கதை. 1993-ல் வேலை தேடிச் சென்னை போனபோது அவன் அங்கே ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலையில் இருந்தான். ஒரு கட்டில், ஒரு கொடி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான் ரூம். ஏழு மாசம் நான் கட்டிலில் படுத்தேன், அவன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் பாயைப் போட்டு, கால் நீட்ட முடியாமல் கதவைத் திறந்து வைத்துக் காலை வராந்தாவில் நீட்டிப் படுத்தான். முதுகு வலிக்குத் தரைதான் நல்லதென்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். நான் வேலை கிடைத்துத் தனி ரூம் பார்த்துப் போன பிறகு ஒரு நாள் எதேச்சையாகப் போனேன். கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கொடுத்தது கொடுத்ததாகத் தெரியக்கூடாது என்பதில் அவனுக்கு இருந்த பிடிவாதம் வேறு எதிலும் இருந்ததில்லை.

அங்கிருந்து கீழையூர் வீரட்டேசுவரர் கோயில். 1896-ல் பதினாறு வயசில் மதுரையை விட்டு ஓடிவந்த ரமணர், திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் பசியோடு இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறார். அவருக்குப் பிரசாதம் கொடுக்க மறுத்தபோது, மேளம் வாசிப்பவர் தன் பங்குச் சோற்றை அவருக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். மறுநாள் ரமணர் தன் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து மேலே போகிறார். அந்த மேளக்காரர் பெயர் என் கண்ணில் எங்கேயும் படவில்லை. அவர் அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டாரோ என்று கோயில் வாசலில் நின்று யோசித்தேன். ரமணரைப் பற்றிப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் அதை யோசித்திருப்பார்கள், தெரியவில்லை, அவன் கட்டாயம் யோசித்திருப்பான்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே தென்பெண்ணை. ஆற்றுக்குள் தனியாக நிற்கிற பாறை, அதன் தலையில் செங்கலில் ஒரு சின்னக் கோயில். அதுதான் கபிலர் குன்று. பாரியின் மகளை இந்தப் பகுதியை ஆண்ட மலையமானுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்று வீரட்டேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. புறநானூற்றின் குறிப்போ வடக்கிருந்தார், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிரை விட்டார் என்கிறது. எது என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு முக்கியம் அந்தப் பெண்கள். குறுநில மன்னன் விச்சிக்கோனிடம் போய் இவர்களைக் கட்டிக்கொள் என்று கேட்டார், அவன் மாட்டேன் என்றான், இருங்கோவேளிடம் போய்க் கேட்டார், அவனும் மாட்டேன் என்றான், அவ்வளவு பெரிய புலவர் வாசல் வாசலாக நின்றார். நண்பன் விட்டுப்போன வேலை முடிகிற வரைக்கும் சாகவில்லை.

மணலில் நடந்து போனேன், ஒரு ஓரமாகத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாறை நிழலில் உட்கார்ந்து, கபிலர் வடக்கிருந்தபோது பாடிய பாட்டைப் போனில் எடுத்து இரண்டு தரம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இதை நட்பின் பெருமை என்று சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே படித்தால் அப்படி இல்லை, கோபம்தான் இருக்கிறது. நீ என்னை வெறுத்திருக்க வேண்டும் பாரி, என்னைக் காத்து வந்த வருஷங்களிலேயே வெறுத்திருக்க வேண்டும், கூட வருகிறேன் என்றபோது விடாமல் நீ இரு என்று சொல்லிவிட்டுப் போனாயே, உன் நட்புக்கு நான் பொருத்தமில்லாதவன்தான் என்கிறார்.

இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன், எழுதிவிடுகிறேன். ஐப்பசியிலேயே அவனுக்குக் கணையத்தில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். தங்கச்சிக்கு மட்டும் தெரியும். நான் மாசியில் போன் செய்தபோது குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, வரட்டுமா என்றேன். "இப்ப எதுக்குடா, வருஷக் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம், உனக்கு லீவு தர மாட்டான். சித்திரைத் திருவிழாவுக்கு வா, அழகர் ஆத்துல இறங்கறதைச் சேர்ந்து பார்ப்போம்" என்றான். சித்திரை வரை இருக்க மாட்டோம் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது கொள்ளி வைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. நாற்பது வருஷம் எனக்குக் கொடுத்தான், செருப்பு, கட்டில், என் அம்மா ஆபரேஷனுக்கு ரத்தம், தெரிந்தும் தெரியாமலும் இன்னும் என்னென்னவோ. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க விட்டிருக்கலாம். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆடு மேய்க்க வந்த பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பாட்டிலை நீட்டித் தண்ணி குடிங்க என்றான். வாங்கிக் குடித்தேன்.

லாட்ஜுக்குத் திரும்பி வந்து பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது தங்கச்சியிடமிருந்து போன். பாப்பாவுக்குக் கவுன்சலிங்கில் இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக ஆரம்பித்தவர், ரொம்ப நேரம் என்னவெல்லாமோ பேசிவிட்டு, "அண்ணே, திங்கக்கிழமைக்குள்ள கட்டணும். அவங்க பணம் ஆபீஸ்ல இருந்து இன்னும் வரலை. கொஞ்சம் குறையுது..." என்று நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"அவன்தான் எங்கிட்ட ஏற்கெனவே குடுத்து வச்சிருக்கானேம்மா, பாப்பா படிப்புக்குன்னு. உங்ககிட்டச் சொல்லலையா?" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னால் டவுன் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"எந்த டைரியிலண்ணே எழுதியிருக்காங்க?" என்றார்.

குரல் உடைந்திருந்தது, ஆனால் சிரித்த மாதிரியும் இருந்தது. நாளை விடியக்காலை மேலூரில் இருப்பேன், பாப்பாவைச் சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், மதுரை வண்டி பத்தரைக்கு.